இடப்பக்கத்து மீன்தொட்டி

ஜூன் 12, வியாழன்

கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் செங்கல் வைத்துவிட்டார் பிரிட்டோ. இப்போது என் தலை தாழ்ந்தும் கால் உயர்ந்தும் இருக்கிறது. டாக்டரம்மா சொன்னபடிதான். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டாயிற்று, இனி படுக்கைதான். குளியலறைக்கு மட்டும் எழுந்து போகலாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லதாம்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்குதோ அவ்வளவு நாள்" என்றார். நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு கிளியரிங் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். இப்படி ஒரு பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எழுதுவதற்கு அலுவலகம் கொடுத்த டைரி இருக்கிறது. போன் இல்லை. தையல் பிரிந்துபோனவர்கள் கதையாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். பிரிட்டோ பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

பகலில் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா பிலோமி மதினி வருகிறார். பக்கத்துத் தெரு. தனி ஆள். வந்ததும் சுவரில் மாதா படத்தை நேராக்கினார். அது நேராகத்தான் இருந்தது. சாய்ந்திருப்பது நான்தான்.

ஜூன் 14, சனி

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வரவேண்டிய மனிதர் ஐந்தரைக்கு வந்தார். ஆட்டோவில் ஒரு கண்ணாடித் தொட்டி, இரும்பு ஸ்டாண்டு, ஒரு மூட்டை பொடிக்கல்.

"எதுக்கு இது?"

"சும்மா பாத்துக்கிட்டு கெடக்கதுக்கு. மோட்டுவளையவே எத்தனை நாள் பாப்ப?"

"எனக்கு மீன் வளக்கத் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமா? கடைக்காரன் சொல்லிட்டான். தண்ணிய ஊத்து, மீன விடு, அம்புட்டுதான்னு."

கட்டிலுக்கு இடப்பக்கம், நான் எந்தப் பக்கம் பார்த்துப் படுக்கிறேனோ அந்தப் பக்கம் வைத்தார். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் அட்டை. கல்லைக் குளியலறையில் கழுவினார், வீடெல்லாம் சிவப்புத் தண்ணீர். காற்றுக்குழாயை மாட்டியதும் பஞ்சு ஃபில்டரிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பியது. பிறகு பையை அவிழ்த்து எட்டு தங்கமீன்களைக் கொட்டினார்.

மதினி கிட்டே போய்ப் பார்த்தார். "கொழம்புக்கும் ஆவாது, பொரிக்கவும் ஆவாது. இந்த ஊர்ல பொறந்துட்டு மீனப் பாக்கதுக்குன்னு வாங்குதான் பாரு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு குலுங்குமே என்று நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 16, திங்கள்

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பசி என்று பிரிட்டோ இன்னும் கொஞ்சம் தீனி போட்டார். பசி மாதிரி தெரியவில்லை எனக்கு.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் ஒன்று பக்கவாட்டில் மிதந்தது. மதினி கரண்டியால் எடுத்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். வலது பக்கம் படுக்கக் கூடாதுதான். மதியத்துக்குள் இன்னும் மூன்று.

ஜூன் 18, புதன்

ஒன்றும் மிச்சமில்லை.

பிரிட்டோ வந்ததும் கத்திவிட்டேன். "இந்த வீட்ல இன்னொண்ணு சாவறத நான் பாக்கணுமா? அதுவும் கட்டிலு பக்கத்துல வச்சா? தூக்கிட்டுப் போங்க எல்லாத்தையும்!"

அவர் மீன்களை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். என் தலை தாழ்ந்திருப்பதால் ஜன்னல் வழியாக அவர் தோளும் மண்வெட்டியும்தான் தெரிந்தன. மண்வெட்டி ஏறி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு தோள்கூடத் தாழ்ந்துபோயிற்று. குழிக்குள் இறங்கி வெட்டுகிறார் போல.

விரல் நீள மீனுக்கு எதற்கு அவ்வளவு ஆழம்?

ஜூன் 19, வியாழன்

தொட்டியில் தண்ணீர் மட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

"நாளைக்கு ஆட்டோக்காரன வரச் சொல்லிருக்கேன். தொட்டியக் கொண்டுபோய்க் கடையிலயே குடுத்துருதேன்" என்றார் பிரிட்டோ.

"போனக் குடுங்க."

"எதுக்கு?"

"ஏன் செத்துச்சுன்னு பாக்கணும். மீனத் தவிர வேற எதையும் தேடல. சத்தியமா."

கொடுத்தார். கொடுத்துவிட்டு நான் என்ன தேடுகிறேன் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

எல்லாரும் செய்யும் தப்பைத்தான் நாங்களும் செய்திருக்கிறோம். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அதை முறிக்க ஒரு சொட்டு மருந்து விட வேண்டும், அல்லது ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். அது போக, மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதைத் தின்று நஞ்சில்லாமல் ஆக்குகிற நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேற வேண்டும். அதற்கு வாரக்கணக்காகும். அதுவரை மீன் விடக் கூடாது. எட்டு மீனும் தங்கள் கழிவிலேயே மூச்சுமுட்டிச் செத்திருக்கின்றன.

ஒரு காரணம் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. போன தடவை டாக்டர்கள் காரணம் எதுவும் சொல்லவில்லை. சில சமயம் இப்படி ஆகும் என்றார்கள்.

தொட்டி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 25, புதன்

தண்ணீரையெல்லாம் மாற்றி மருந்து விட்டாயிற்று. நுண்ணுயிர்களுக்கும் இரை வேண்டுமாம். அதனால் தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி போட வேண்டும். பிரிட்டோ போட்டுவிட்டு வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மதினி வாசலிலிருந்து கேட்டார். "ஏலே, மீனே இல்ல. யாருக்குல சோறு போடுத?"

"வரப்போறவங்களுக்கு" என்றார் பிரிட்டோ. சொன்ன உடனே என்னைப் பார்த்தார். நான் டைரியைத் திறந்துகொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

தண்ணீர் சோதிக்கும் பெட்டி வந்தது. சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டுக் குலுக்கி, அட்டையில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை. பச்சை என்றால் ஆபத்து. படுத்தபடியே செய்ய முடிகிற வேலை. மதினி தண்ணீர் மொண்டு தருகிறார், நான் குலுக்குகிறேன்.

கரும்பச்சை.

ஜூலை 6, ஞாயிறு

தொட்டி முழுக்கப் பால் கலந்த மாதிரி வெள்ளை மூட்டம். இது வரும், தானாகப் போகும், கை வைக்கக் கூடாது என்று படித்திருக்கிறேன். மதினிக்கு அது தெரியாது. வாளியும் சோப்புத்தூளும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "நாறிக் கெடக்கு. ஒரு தேய் தேய்ச்சுருதேன்."

"தொடாதீங்க மதினி!"

அவ்வளவு சத்தமாகக் கத்துவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அடிவயிறு இறுகியது. மதினி வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அது தளர்ந்தது. மறுபடி வரவில்லை.

"வையி, உந்தொட்டிய நீயே வச்சுக்க. ஏட்டி, என்னய ஏசு, அடி, என்ன வேணும்னாலும் செய்யி. கத்த மட்டும் செய்யாத" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். பிறகு வெகுநேரம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

ஜூலை 10, வியாழன்

தண்ணீர் சோதித்தேன். பச்சை வெளுத்திருக்கிறது. மூட்டம் போய்விட்டது.

மதினி பருப்புத் துவையல் அரைத்தார்.

பிரிட்டோ வேலைக்குப் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டியின் கண்ணாடியைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி துடைத்தார். நான் ஒவ்வொரு முறை குளியலறைக்குப் போய்த் திரும்பும்போதும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

ஜூலை 11, வெள்ளி

போன தடவை இதே நாள்கணக்கில்தான் எல்லாம் முடிந்தது. நேற்று ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 19, சனி

மூன்று நாளாக மஞ்சள். தண்ணீர் தயார்.

இந்த முறை கப்பி. எங்கள் ஊர் உப்புக் கலந்த தண்ணீரிலும் பிழைக்கும், முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஏற்ற மீன் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. ஆண் இரண்டு, பெண் மூன்று. கூடவே கொஞ்சம் பாசிச்செடி. கடைக்காரர் இன்னும் பத்து மீன் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். பிரிட்டோ போனில் கேட்டார், நான் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பையை அவிழ்க்காமல் அப்படியே மிதக்க விடச் சொன்னேன். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றச் சொன்னேன். பழகட்டும். துறைமுகத்தில் கண்டெய்னரை எண்ணெய் மாதிரி வழுக்கி இறக்குகிற கிரேன் டிரைவர், ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு நடுங்குகிறார்.

"இன்னும் ஊத்தட்டா?"

"பொறுங்க."

"இப்போ?"

"பொறுங்கன்னேன்லா."

கடைசியில் ஒவ்வொன்றாக நீந்தி வெளியே வந்தன. ஆண்களின் வால் ஆரஞ்சும் நீலமும். பெண்கள் சாம்பல் நிறம், அலங்காரம் ஏதுமில்லை. ஐந்தும் நேராக நீந்துகின்றன.

எழுதும்போதும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஜூலை 26, சனி

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். ஒலிபெருக்கிப் பாட்டு இங்கே வரை கேட்கிறது. விழித்ததும் முதல் வேலை எண்ணுவது. ஐந்தும் உயிரோடு இருக்கின்றன.

பெண் கப்பிகளில் ஒன்றுக்கு வயிறு பெருத்து வருகிறது. வாலுக்குக் கிட்டே ஒரு கருப்புப் புள்ளி விரிந்துகொண்டே போகிறது. கப்பி முட்டையிடாது, குட்டி போடும். எனக்கு இது பிடிக்கவில்லை.

மதினி கண்டுபிடித்துவிட்டார். "ஏட்டி அமலி! உனக்குத் துணைக்கு ஒருத்தி இருக்கால்லா!"

நான் தூங்குவதுபோல இருந்துவிட்டேன்.

ஜூலை 30, புதன்

ஆம்புலன்சில் படுத்தபடியே ஸ்கேனுக்குப் போய் வந்தேன். எடை சரி. தையல் இறுக்கமாக இருக்கிறது. டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். நான் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் மதினி ஒரு பையை நீட்டினார். சின்னச் சின்னச் சட்டை, பருத்தித் துணி, முடிச்சுப் போடுகிற மாதிரி. திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். "எங்க வீட்லயே வச்சிருக்கேன்" என்றார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

மாதா திருநாள். பிரிட்டோவுக்கு லீவு கிடைக்கவில்லை. மதினி காலைப் பூசைக்குப் போய்விட்டு உடனே வந்துவிடுவதாகச் சொன்னார். போகாமல் இருக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன். தண்ணீர், மாத்திரை, போன் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கப்பி மூலைக்குப் போய் நின்றது. அசையவில்லை. உடம்பு ஒரு முறை வளைந்தது. பின்னாலிருந்து ஏதோ ஒரு துளி விழுந்தது. அழுக்கு என்று நினைத்தேன். துளி விரிந்தது, கண் இருந்தது, நீந்தியது.

இரண்டாவது விழுவதற்குள் ஓர் ஆண் கப்பி வந்து முதல் குஞ்சை விழுங்கிவிட்டது.

படித்திருக்கிறேன். பெரிய மீன்கள் குஞ்சுகளைத் தின்னும், தாயே தின்னும் என்று. படிப்பது வேறு. என் கண்ணுக்கு மூன்றடி தள்ளி நடப்பது வேறு. அது பாட்டுக்குப் பெற்றுக்கொண்டே இருந்தது, மற்றவை பாட்டுக்குத் தின்றுகொண்டே இருந்தன.

எழுந்து உட்கார்ந்தேன். காலைத் தரையில் வைத்தேன். தரை சில்லென்றிருந்தது. அடுப்படிக்கு நான்கே எட்டு. ஒரு வடிகட்டி எடுக்க வேண்டும், குனிய வேண்டும், கையை உயர்த்த வேண்டும். அடிவயிற்றில் ஒரு பாரம் இறங்குகிற மாதிரி இருந்தது. உண்மையில் இறங்கியதா, பயமா, தெரியவில்லை.

காலை மறுபடி தூக்கிக் கட்டிலில் வைத்தேன்.

மதினிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஒலிபெருக்கியில் காணிக்கைப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்று தோன்றியது. தோள்கூடத் திரும்பிவிட்டது. அப்புறம் என்னவோ, இல்லை, யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பார்த்தேன். எது எங்கே ஒளிகிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன். பாசிக்குள் இரண்டு. ஃபில்டருக்குப் பின்னால் ஒன்று. வலது மூலைக் கல்லிடுக்கில் இரண்டு, இல்லை, மூன்று.

மதினி தலையில் முக்காடு எடுக்காமலே உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். "என்னட்டி? வலியா?"

"எனக்கில்ல. தொட்டில! டீ வடிகட்டி எடுத்துட்டு வாங்க, ஓடுங்க!"

"மாதாவே, நான் என்னமோ ஏதோன்னு..."

"மதினி, திங்குது!"

ஓடினார். திருநாள் பட்டுச்சேலையோடு முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் விட்டார். "எங்கட்டி? எனக்கு ஒண்ணும் தெரியலயே!"

"பாசிக்கு அடியில. மெதுவா. இன்னும் கீழ. அந்தா!"

"புடிச்சிட்டேன்! ஏட்டி, கண்ணப் பாரேன், கண்ணு மட்டும்லா இருக்கு!"

"ஃபில்டருக்குப் பின்னால ஒண்ணு. வலது மூலையில கல்லுக்குள்ள மூணு."

ஆறையும் பிடித்தார். குளியலறை மக்கில் தொட்டித் தண்ணீர் மொண்டு அதில் விட்டு என் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து காட்டினார். ஆறு கோடுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண். மதினியின் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. 

அப்புறம் மதினி கேட்டார். "நீ பாத்துக்கிட்டே கெடந்தியா அம்புட்டு நேரமும்?"

"ஆமா."

என் தலையில் ஈரக்கையை வைத்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மதினி வரவில்லை. பிரிட்டோ வீட்டில். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீர் மாற்றும் வேலை. ஒரு குழாயின் முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாளியில் விட்டு, கல்லுக்கு மேல் இருக்கும் கசடை உறிஞ்சி எடுக்க வேண்டும். கால்வாசித் தண்ணீர் மட்டும். குஞ்சுகள் ஆறும் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் தொட்டிக்குள்ளேயே தொங்குகின்றன.

அவர் முதுகு என் பக்கம் இருந்தது. இரண்டு பேரும் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பிரிட்டோ."

"ம்."

"அவன் எப்படி இருந்தான்?"

குழாயைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. போன தடவை எனக்கு மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தான் என்பது மட்டும் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு வருடம்.

வாளி நிறைந்து தரையில் வழிந்தது. அவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"நெத்தியச் சுருக்கிக்கிட்டே இருந்தான்" என்றார். "கணக்கு இடிச்சா நீ சுருக்குவேல்லா, அது மாதிரி."

"எவ்வளவு நேரம் இருந்தான்?"

"ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும்."

"ஜெபமாலை சொன்னீயளா?"

"இல்ல. அவங்கூடப் பேசிக்கிட்டு இருந்தேன்."

"என்ன பேசினீய?"

"கிரேன் ஓட்டுறதப் பத்தி. மேல ஏறுனா கடல் எப்படித் தெரியும்னு. எனக்கு வேற என்ன தெரியும்?"

அப்போதுதான் தரையைப் பார்த்தார். குழாயை எடுத்துவிட்டார். துணியைத் தேடி எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே மீதியைச் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் சின்னக் குழியாக வெட்டி வைத்திருந்தார்களாம், முழங்கால் ஆழம்கூட இல்லை. "நாய் தோண்டிரும்னு பயமா இருந்துச்சு. மண்வெட்டிய வாங்கி நானே வெட்டுனேன்."

கேட்கலாமா கூடாதா என்று யோசித்துக் கேட்டேன். "ஞானஸ்நானம்?"

"நர்ஸம்மா ஒருத்தி தண்ணி ஊத்தினா. பேரு என்னன்னு கேட்டா. நாம ஒண்ணும் யோசிச்சு வைக்கலல்லா. வாயில வந்ததச் சொன்னேன்."

"என்ன?"

"அமலன்னு."

எனக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன். வயிறு இறுகிவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். பிரிட்டோ ஈரத்தரையில் உட்கார்ந்து என் கையை விலக்கினார்.

"அழு. அழுதா ஒண்ணும் ஆவாது. டாக்டரம்மாட்ட கேட்டுட்டேன்."

"எப்ப கேட்டீய?"

"ஜூன் மாசமே."

ஆகஸ்ட் 11, திங்கள்

அமலன். எழுதிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி. ஆஸ்பத்திரி

நேற்றுக் காலையிலிருந்து இடுப்பு வலி. விட்டு விட்டு வந்தது. மதினி உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவில் இறங்கிக் கத்தினாராம், நான்கு வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வலி நிற்க மருந்து ஏறுகிறது. நுரையீரல் முதிர்வதற்கு ஓர் ஊசி போட்டார்கள். யாருடைய நுரையீரல் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. என்னுடையது அல்ல என்று எனக்குத் தெரியும்.

கை நடுங்குகிறது. மருந்தினால்.

ஆகஸ்ட் 30, சனி

வலி குறைந்திருக்கிறது. போக விடமாட்டேன் என்கிறார்கள்.

இங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சலைன் சொட்டுவதைப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 3, புதன்

வீடு. செங்கல், கட்டில், இடப்பக்கம்.

இரண்டு நாள் முன்னால் கரண்ட் போய்க் காற்றுக்குழாய் நின்றுவிட்டதாம். மதினி ஒரு செம்பை எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறார், கரண்ட் வரும்வரை. "காத்து போணும்னு நீதானட்டி சொன்ன?" தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்கிறார். நான் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. கேட்டிருக்கிறார்.

பெரியது ஐந்து. குஞ்சு ஆறில் ஒன்று போய்விட்டது. மதினியே மண்ணில் புதைத்துவிட்டுச் சொன்னார். எங்கே புதைத்தார் என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

டாக்டரம்மாவிடம் ஒரு காரியம் சொல்ல வேண்டும் என்று போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அங்கே போனதும் எல்லாம் குழம்பிவிட்டது.

"மேடம், அன்னைக்கு எதுவா இருந்தாலும் எனக்குக் காட்டணும்."

"எதுவா இருந்தாலும்னா?"

"எப்படி இருந்தாலும். மயக்கத்துல இருந்தா எழுப்பிக் காட்டணும். வேற யாருகிட்டயும் குடுத்து அனுப்பக் கூடாது. நான் பாக்கணும்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு என் கேஸ் ஷீட்டில் எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்.

ஸ்கேனில் இன்று திரையைப் பார்த்தேன். வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மதினியிடம் அந்தச் சட்டைகளைத் துவைத்து வைக்கச் சொன்னேன். அவர் ஏற்கனவே இரண்டு முறை துவைத்துவிட்டாராம்.

செப்டம்பர் 28, ஞாயிறு. ஆஸ்பத்திரி

நேற்று மதியம் பனிக்குடம் உடைந்தது. டாக்டரம்மா எதிர்பார்த்ததற்கு இன்னும் இரண்டு வாரம் பாக்கி. தையலைப் பிரித்தார்கள். வலியைப் பற்றி எழுதப்போவதில்லை.

பெண்.

வெளியே வந்ததும் அழவில்லை. ஆட்கள் குனிந்து ஏதோ செய்தார்கள்.  கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூடவில்லை. டாக்டரம்மா அவர்களை விலகச் சொல்லி எனக்கு வழி விட்டார். கால் தெரிந்தது, கருநீலமாக. ஒரு கை. அது அசைந்ததா, அவர்கள் அசைத்ததா? பிறகு பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் பெரிய சத்தம். கோபமாக.

தூக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார்கள். பார்த்தேன். எவ்வளவு நேரம் காட்டினார்கள் என்று தெரியவில்லை. போதவில்லை.

மூச்சு வேகமாக இருக்கிறது என்று சிசுப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எடை குறைவுதான், ஆனால் மோசமில்லை என்கிறார்கள். நாளை வரை பார்க்க வேண்டுமாம். பிரிட்டோ அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார். சாப்பிட வரச் சொன்னால் வர மறுக்கிறார்.

செப்டம்பர் 29, திங்கள்

பிரிட்டோவை மருந்து வாங்கக் கீழே அனுப்பியிருந்தார்கள். மதினி ஃபிளாஸ்க் கழுவப் போயிருந்தார். நான் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். இனி எந்தப் பக்கமும் படுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள், உடம்புதான் கேட்கவில்லை.

வாசலில் ஒரு நர்ஸ் கத்தினாள். "பேபி ஆஃப் அமலி! யாரும்மா?"

எனக்கு உறைக்கவில்லை. யாரோ என்று இருந்தேன். பக்கத்துக் கட்டில் பெண்தான் என் காலைத் தட்டினாள். "அக்கா, ஒங்களத்தான் கூப்புடுதாவ."

"நான்தான்" என்றேன்.  எந்தச் செய்தியை எதிர்பார்த்தேன் என்பதை எழுத மாட்டேன்.

"மூச்சு சரியாயிட்டும்மா. பால் குடுக்கச் சொல்லிட்டாவ டாக்டர். எந்திரிச்சு வாங்க."

"எந்திரிக்கலாமா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எந்திரிக்காம எப்படிம்மா பிள்ளையத் தூக்குவீய?"

எழுந்தேன்.  தாழ்வாரம் நீளம், நர்ஸ் வேகமாக முன்னால் போய்க்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எங்கிருந்தோ பிரிட்டோ மருந்துப்பையோடு ஓடி வருவது தெரிந்தது. "ஏட்டி, மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே வந்தார். நான் நிற்கவில்லை.

கதவுக்குக் கிட்டே போனதும் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். என் மகளை வாங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.